அழுகை போய்ச்சேரும் வழி

தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் அழுகையை அடுத்த அறைக்குக் கொண்டுசேர்க்கும் கருவியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோருமே 1932ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி இரவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அன்றிரவு அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஹோப்வெல் என்ற ஊருக்கருகே, விமானி சார்லஸ் லிண்ட்பர்க்கின் 20 மாதக் குழந்தை மாடியறைத் தொட்டிலிலிருந்து கடத்தப்பட்டது. பெற்றோர் வீட்டில்தான் இருந்தார்கள், செவிலியும் இருந்தார். குழந்தை அங்கே இல்லை என்பது இரவு பத்து மணி அளவில்தான் தெரியவந்தது. மே மாதம் அதன் உடல் கிடைத்தது. வசதி படைத்த அமெரிக்கப் பெற்றோர் பலருக்கு அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. அவர்களில் ஒருவர் சிகாகோவின் ஜெனித் வானொலி நிறுவனத்தின் தலைவர் யூஜீன் மக்டொனால்ட். தம் மகளின் அறையில் எழும் சிறு ஒலியும் தமக்குக் கேட்க வேண்டும் என்று தம்முடைய உல்லாசப் படகில் ஒலிவாங்கிகளைப் பொருத்திப் பார்த்தார். அந்த யோசனை 1937இல் விற்பனைச் சரக்கானது. அதற்கு 'ரேடியோ நர்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். விலை 19 டாலர் 95 சென்ட்.

தொட்டிலருகே ஒரு பெட்டி. அதற்குக் 'காவல் செவி' என்று பெயர். பெற்றோரின் அறையில் ஓர் ஒலிபெருக்கி. இரண்டுக்கும் இடையே தனிக் கம்பி கிடையாது; வீட்டின் மின்கம்பிகள் வழியாகவே சமிக்ஞை பயணம் செய்தது. ஒலிபெருக்கியை வடிவமைத்தவர் சிற்பி இசாமு நொகுச்சி. பழுப்பு நிறப் பேக்லைட்டில் வார்க்கப்பட்ட, முகமூடி அணிந்த செவிலியின் தலை போன்ற அந்த உருவம் 1939இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் சிற்பமாகவே காட்சிக்கு வைக்கப்பட்டது. (இந்த நொகுச்சி, ஜப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சியின் மகன். சீனத்தின்மீது ஜப்பான் தொடுத்த போர் குறித்து 1938இல் தாகூரோடு கடிதத்தில் மோதிக்கொண்ட அதே யோனே நொகுச்சி. தந்தையும் மகனும் ஒரே வீட்டில் வாழ்ந்த காலம் மிகக் குறைவு. குழந்தையைக் காக்கும் செவிலியின் முகத்தைச் செதுக்கும் வேலை அந்த மகனுக்கு வந்துசேர்ந்ததை ஒரு நாவலாசிரியன் கற்பனை செய்திருந்தால் மிகை என்று நாம் தள்ளியிருப்போம்.) வணிகத்தில் அக்கருவி தோற்றது. குழந்தையின் அழுகையோடு அக்கம்பக்கத்து வானொலி ஒலிகளும் அதில் வந்து விழுந்தன.

இது கேட்பவர்களின் வரலாறு. கள்வனுக்கு அஞ்சியவர்கள் தம் காதை அடுத்த அறைவரை நீட்டிக்கொண்ட கதை. காதே இல்லாத தாய் ஒருத்தியின் மேசையில் நொகுச்சியின் அந்தப் பேக்லைட் தலையை வைத்தால் அது ஓர் அழகிய சிற்பம், அவ்வளவுதான். அவளுக்கு வேறு வரலாறு இருக்கிறது. அது அவ்வளவு ஒழுங்காக எழுதப்படவில்லை. அதில் வேறுவகைக் கள்வர்களும் வருகிறார்கள். அதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் இவர்களைக் குறிக்க வழங்கிவந்த பழைய சொற்கள் பெரும்பாலும் வசைச்சொற்களாகிவிட்டன. 'செவித்திறன் குறைந்தோர்' என்பது அரசாணைத் தமிழ். நான் காதுகேளாதோர் என்றே எழுதுகிறேன். சைகைமொழி பேசும் ஒரு சமூகத்தினர் என்ற பொருளில் அச்சொல்லை வாசகர்கள் கொள்ள வேண்டும்.

மின்சாரம் வருவதற்கு முன்பு காதுகேளாத தாய் என்ன செய்தாள்? குழந்தையைத் தன்னோடு படுக்கவைத்தாள். தொட்டில் இருந்தால் அதைக் கட்டிலோடு ஒட்டிப்போட்டு, உறக்கத்திலும் ஒரு கை குழந்தையின் நெஞ்சிலோ தொட்டிலின் விளிம்பிலோ கிடக்கும்படி பார்த்துக்கொண்டாள். அல்லது ஒரு நாடாவின் ஒரு முனையைக் குழந்தையின் காலிலும் மறு முனையைத் தன் மணிக்கட்டிலும் கட்டிக்கொண்டாள். காதுகேளாதோர் குடும்பங்களின் நினைவுகளில் திரும்பத் திரும்ப வருவது இந்த நாடா. குழந்தை அழும்போது கால் உதைக்கும், நாடா இழுபடும், தாய் விழிப்பாள். பொறியியல் நோக்கில் பார்த்தால் இது குறைசொல்ல இடமில்லாத அமைப்பு. அழுகை என்பது வெறும் ஒலி அல்ல, உடல் முழுவதும் நிகழும் ஓர் அசைவு என்ற அறிவு அதில் இருக்கிறது. பின்னால் வந்த கருவிகள் பலவும் இந்த அறிவை மறந்து ஒலியையே துரத்தின என்று எனக்குப் படுகிறது. நாடாவில் குறைகளும் உண்டு. தாய் அந்த அறையை விட்டு நகர முடியாது. குழந்தை புரண்டால் நாடா எங்கே சுற்றிக்கொள்ளுமோ என்ற பயம் வேறு.

இத்தனைக்கும் அந்தத் தாய் தனக்குள் மட்டும் விழிப்பாக இருந்தால் போதாது. அவளை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். 1883ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நியூஹேவன் நகரில் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் முன்னால் அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஒரு நீண்ட கட்டுரை படித்தார். காதுகேளாதோர் தமக்குள்ளேயே மணம் செய்துகொண்டு வருவதால் மனித இனத்தில் காதுகேளாத ஒரு கிளை உருவாகிவிடும் என்பது அதன் வாதம். திருமணத்தைச் சட்டத்தால் தடுப்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அவரே ஒதுக்கினார். ஆனால் அவர்கள் ஒன்றுகூடும் விடுதிப் பள்ளிகளையும், சைகைமொழியையும், காதுகேளாத ஆசிரியர்களையும் குறைத்துவிட்டால் திருமணங்கள் தாமாகக் குறையும் என்று நம்பினார். இதைச் சொன்னவரின் தாய்க்குக் காது சரியாகக் கேட்காது. மனைவி மேபல் ஐந்து வயதில் செம்புள்ளிக் காய்ச்சலில் செவித்திறனை முழுதும் இழந்தவர். 1878இலும் 1880இலும் பிறந்த இரண்டு பெண்களை வளர்த்துக்கொண்டிருந்த தாய். பெல்லைக் கொடியவராகக் காட்டுவது இன்று எளிது. தம் வீட்டில் தினமும் கண்டதைத் தம் கட்டுரைக்குள் அனுமதிக்காத ஓர் அறிஞராகவே அவர் எனக்குத் தெரிகிறார். இந்த நோய் அறிஞர்களிடையே இன்றும் அரிதன்று.

பெல்லின் அச்சத்தைச் சோதித்துப் பார்த்தவர் எட்வர்ட் ஆலன் ஃபே. காதுகேளாதோர் கல்விக்கான ஆய்விதழை நடத்தியவர். தாந்தேயின் காவியத்துக்கு 1888இல் சொல்லடைவு தொகுத்தவரும் இவரே. ஒரு காவியத்தின் சொற்களை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கும் பொறுமையோடு அமெரிக்கக் காதுகேளாதோரின் திருமணங்களையும் எண்ணினார். 4,000க்கும் மேற்பட்ட திருமணங்கள். 1898இல் நூல் வெளிவந்தது. வெளியிட்டது பெல் நிறுவிய வோல்டா நிலையமே. விவரம் கிடைத்த குடும்பங்களில் பிறந்த குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்குத்தான் காது கேட்கவில்லை. மற்ற ஒன்பதும் கேட்கும் குழந்தைகள். பெல்லின் பணத்தில் அச்சான நூல் பெல்லின் அச்சத்தைக் கரைத்தது. ஆனால் எண்கள் அச்சத்தை உடனே வென்றுவிடுவதில்லை. ஃபேயின் நூலுக்குப் பிறகும் அரை நூற்றாண்டு அந்த அச்சம் உயிரோடு இருந்தது.

ஜெர்மனியில் அது சட்டமானது. 1933 ஜூலை 14ஆம் தேதி நிறைவேறிய, பரம்பரை நோயுள்ள சந்ததியைத் தடுக்கும் சட்டம் பரம்பரைக் காதுகேளாமையையும் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. அதன்படி ஏறத்தாழ 17,000 காதுகேளாதோர் கட்டாயக் கருத்தடைக்கு ஆளாக்கப்பட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. கர்ப்பிணிகளின் கருவும் பலவந்தமாகக் கலைக்கப்பட்டது. ஹோர்ஸ்ட் பீசோல்ட் என்பவர், தாமே காதுகேளாதோர் பள்ளி ஆசிரியர், பாதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கணக்கானோரைத் தேடிக் கண்டு அவர்கள் சொன்னதை 1988இல் நூலாக்கினார். தம் மாணவர்களின் பெயர்களை அதிகாரிகளிடம் தாமாக முன்வந்து கொடுத்த ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். ஆசிரியத் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் இந்தச் செய்தியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. மணிக்கட்டில் நாடா கட்டிக்கொள்ள வாய்ப்பே வழங்கப்படாத தாய்மார்கள் அவர்கள்.

சிகாகோவில் ரேடியோ நர்ஸ் விற்பனைக்கு வந்த ஆண்டு 1937. அதே ஆண்டில் பெர்லினில் மேற்சொன்ன சட்டம் நடைமுறையில் இருந்தது. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் குழந்தைக் காவல் கருவிகளின் வரலாற்றை எழுத முடியாது என்றே நினைக்கிறேன்.

இனி, இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த மனிதருக்கு வருகிறேன். எமர்சன் ரொமேரோ. 1900இல் ஹவானாவில் பிறந்தவர். ஆறாவது வயதில் கக்குவான் இருமலோடு வந்த கடும் காய்ச்சலில் காது போயிற்று. 1920களின் பிற்பகுதியில் டாமி ஆல்பர்ட் என்ற பெயரில் ஊமைப்படங்களில் நகைச்சுவை நடிகராக இருந்தார். பின்னாளில் புகழ்பெற்ற நடிகர் சீசர் ரொமேரோ இவருடைய உறவினர். ஊமைப்படக் காலம் காதுகேளாதோரின் பொற்காலம் என்று சொன்னால் மிகையில்லை. திரையின் முன்னே கேட்பவரும் கேளாதவரும் சமம். வசனம் எழுத்தில் வந்தது. நடிப்பு உடலில் இருந்தது. 1927இல் பேசும்படம் வந்ததும் இரண்டும் ஒரேயடியாகப் போயின. ரொமேரோவுக்கு நடிக்க வேலை இல்லை. அவருடைய மக்களுக்குப் பார்க்கப் படம் இல்லை. நாம் பேசும்படத்தின் வருகையை வெற்றியாகவே படித்திருக்கிறோம். நம் பாடநூல்களில் இந்த இழப்பு ஓர் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை.

இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1947இல், ரொமேரோ பழைய பேசும்படங்களை வாங்கி, காட்சிகளுக்கிடையே எழுத்தட்டைகளை வெட்டி ஒட்டி, காதுகேளாதோர் சங்கங்களுக்கு வாடகைக்கு அனுப்பத் தொடங்கினார். நுட்பமான முறை அல்ல அது. அட்டை வரும்போதெல்லாம் படம் நின்றது, ஒலித்தடம் துண்டானது, படத்தின் நீளம் கூடியது. ஆனாலும் இன்று தொலைக்காட்சியின் அடியில் ஓடும் எழுத்துகளின் முன்னோடிகளுள் ஒன்று அதுதான். 1958இல் அமெரிக்க அரசு இப்பணியைச் சட்டம் இயற்றித் தன் பொறுப்பாக்கிக்கொண்டது. ரொமேரோ அடுத்த வேலைக்குப் போய்விட்டார். 1959இல் அவர் வெளியிட்ட கருவிக்கு 'வைப்ரலார்ம்' என்று பெயர். அதிர்வால் எழுப்பும் கடிகாரம். அதையொட்டி வாசல் மணிக்கும் குழந்தை அழுகைக்கும் ஒளியாலும் அதிர்வாலும் அறிவிக்கும் கருவிகளையும் அவர் கொண்டுவந்தார்.

திரைப்பட எழுத்தட்டையும் தொட்டில் கருவியும் ஒரே மனிதரின் கையிலிருந்து வந்தது தற்செயல் அன்று. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஒலியில் இருக்கும் செய்தியை எடுத்து, ஒலியைக் கழித்துவிட்டு, கண்ணுக்கோ தோலுக்கோ புரியும்படி மாற்றித் தருகின்றன. மொழிபெயர்ப்பு என்ற சொல்லை இங்கே தயங்காமல் பயன்படுத்தலாம். மொழிபெயர்ப்பில் என்னென்ன சிக்கல்கள் வருமோ அத்தனையும் இதிலும் வந்தன.

முதற்சிக்கல் எதை அழுகை என்று கொள்வது என்பது. ஆரம்பகாலக் கருவிகள் மிக எளியவை. தொட்டிலருகே ஓர் ஒலிவாங்கி, ஒலி ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஒரு ரிலே மூடிக்கொள்ளும், விளக்கு மினுக்கும். குழந்தை அழுதாலும் மினுக்கும். இடி இடித்தாலும் மினுக்கும். தெருவில் லாரி போனாலும் மினுக்கும். அளவைக் கூட்டி வைத்தால் குழந்தையின் மெல்லிய சிணுங்கல் தவறிப்போகும். குறைத்து வைத்தால் இரவு முழுவதும் தீபாவளி. சிசுவின் அழுகைக்கென்று சில அடையாளங்கள் உண்டு. அதன் அடிப்படை அதிர்வெண் பெரும்பாலும் 300 முதல் 600 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். பெரியவர்களின் பேச்சைவிட உயர்ந்தது. மூச்சை வெளியே விடும்போது ஒரு நொடி அளவு நீளும் வீச்சு, பிறகு மூச்சை இழுக்கும் சிறு இடைவெளி, மீண்டும் வீச்சு. இந்தத் தாளத்தைக் கண்டுகொள்ளத் தெரிந்த கருவி லாரியை விட்டுவிடும். ஆனால் தாளத்தை உறுதிசெய்ய அது சில நொடிகள் காத்திருக்க வேண்டும். வேகமா, துல்லியமா என்ற கேள்வி அன்றும் தீரவில்லை, இன்றும் தீரவில்லை.

அடுத்த சிக்கல் எப்படிச் சொல்வது என்பது. விழித்திருப்பவருக்கு விளக்கு போதும். வாசல் மணிக்கு ஒருவிதமாகவும் குழந்தைக்கு வேறுவிதமாகவும் மினுக்கச் செய்து, ஒரே விளக்கை வைத்து வீட்டின் ஒலிகள் அனைத்தையும் பிரித்தறியும் முறை காதுகேளாதோர் வீடுகளில் நிலைபெற்றது. ஆனால் உறங்குகிறவரின் இமை மூடியிருக்கிறது. புகை எச்சரிக்கைக் கருவிகளுக்காக ஆஸ்திரேலியாவில் டோரதி ப்ரக்கும் இயன் தாமசும் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. செவித்திறன் குறைந்த பெரியவர்களை உறங்கவைத்துச் சோதித்தபோது, பளிச்சிடும் விளக்கு மட்டும் அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைத்தான் எழுப்பியது. படுக்கையை அதிரச் செய்யும் கருவி ஐந்தில் நால்வரை எழுப்பியது. ரொமேரோ 1959லேயே அதிர்வை நம்பியது சரிதான். நாடா கட்டிய தாய்க்கு அதற்கும் முன்பே தெரியும்.

மூன்றாவதாகத் தூரம். தாய் சமையலறையில் இருந்தால்? கிணற்றடியில் இருந்தால்? விளக்கு படுக்கையறையில் மினுக்கிக்கொண்டிருக்கும். கம்பியில்லா அலைகளால் இயங்கும், இடுப்பிலோ மணிக்கட்டிலோ அணியும் அதிர்வுக்கருவிகள் பரவலான பிறகே காதுகேளாத தாய் தொட்டிலைக் கண்ணால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிய கட்டாயத்திலிருந்து விடுபட்டாள். இதன் விடுதலையைக் கேட்பவர்கள் எளிதில் உணர்வதில்லை. நமக்குக் காது திரும்பிப் பார்க்காமலே வேலை செய்கிறது. அவளோ குழந்தை பிறந்த நாளிலிருந்து கழுத்தைத் திருப்பிக்கொண்டே வாழ்ந்தவள். பல குடும்பங்களில் கணவனின் துணையும் இரவில் கிடைத்ததில்லை. அமெரிக்காவில் காதுகேளாத ஆண்கள் பெருமளவில் சேர்ந்த தொழில் அச்சுத்தொழில். நாளிதழ் அச்சகங்களில் வேலை நடந்ததோ இரவில்.

நாய்களையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் 1982 முதல் காதுகேளாதோருக்கென நாய்களைப் பழக்கி வழங்கும் அமைப்பு ஒன்று இயங்கிவருகிறது. அழுகை கேட்டால் நாய் முன்னங்காலால் தாயைத் தொட்டு, தொட்டிலுக்கு அழைத்துச்செல்லும். மின்வெட்டுக்கு அஞ்சாத கருவி.

கருவிகள் ஒருபுறம் இருக்க, அவற்றை வாங்குவதற்கு முதலில் குழந்தை வேண்டுமே. 1960களில் கலிபோர்னியாவில் காதுகேளாத தம்பதியர் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விரும்பினார்கள். குழந்தை அவர்கள் வீட்டிலேயே வளர்ந்துகொண்டிருந்தது, நன்றாகவும் இருந்தது. ஆனால் விசாரணை நீதிமன்றம் மறுத்துவிட்டது. அது இயல்பான இல்லம் அல்ல என்பது நீதிபதியின் எண்ணம். 1967இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. பெற்றோர் இருவருக்கும் காதுகேளாது என்பது மட்டுமே தத்தை மறுக்கப் போதிய காரணமாகாது என்ற நிலைப்பாடு அதன்பின் வழக்குகளில் எடுத்துக்காட்டப்பட்டது. ஜெர்மானியச் சட்டத்தையும் இந்த நீதிபதியையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். எனினும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றே: குழந்தை அழுதால் இவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்தக் கேள்விக்குத் தலையணைக்கடியில் அதிரும் பதில் ஒன்று ஏற்கனவே விற்பனையில் இருந்தது என்பதைத்தான் அந்த நீதிபதி அறியவில்லை.

ஏறக்குறைய அதே காலத்தில் அறிவியலும் தொட்டிலருகே வந்து குனிந்து பார்த்தது. எரிக் லென்னபெர்க்கும் அவருடைய இரு உடனாய்வாளர்களும், காதுகேளாத பெற்றோரின் சிசுக்களையும் கேட்கும் பெற்றோரின் சிசுக்களையும் முதல் மூன்று மாதங்கள் ஒப்பிட்டு 1965இல் கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு வீடுகளிலும் குழந்தைகள் ஏறத்தாழ ஒரே அளவு அழுதன, ஒரே அளவு கூவின. குரல் கேட்கப்படாத வீட்டில் குழந்தை மௌனமாகிவிடும் என்ற பொதுநம்பிக்கைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. 1991இல் லாரா பெட்டிட்டோவும் பாலா மாரன்டெட்டும் இன்னும் வியப்பான ஒன்றைக் காட்டினார்கள். சைகைமொழி பேசும் பெற்றோரின் காதுகேளாத குழந்தைகள் கைகளால் மழலை பேசுகின்றன. பொருளற்ற, ஆனால் தாளமும் அசையும் கொண்ட கைச்சைகைகள்; வாயால் எழும் மழலை வரும் அதே பருவத்தில். காதுகேட்கும் குழந்தைகளும் சைகைமொழி வீட்டில் வளர்ந்தால் இவ்வாறே செய்கின்றன என்பதை 2001இல் வந்த ஆய்வு உறுதிசெய்தது.

இதைப் படித்தபோது எனக்கு வகுப்பறை ஒன்று நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் நாட்டுப்புறத் தாலாட்டுகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். குழந்தை முதலில் கேட்கும் இலக்கியம் தாலாட்டு என்று எல்லா ஆசிரியர்களும் சொல்வதை நானும் சொன்னேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி, தன் பெற்றோர் இருவருக்கும் காதுகேளாது என்றும், தான் அப்படி எதையும் கேட்டதில்லை என்றும் சொன்னாள். குற்றம் சாட்டும் தொனி அதில் இல்லை. பிறகு தன் அம்மா தூளியை ஆட்டும்போது தூளிக் கயிற்றில் விரல்களைத் தட்டிக்கொண்டே இருப்பாள் என்றும், தம்பி தூங்கிவிட்டானா என்பதைத் தூளியின் கனம் கையில் இழுபடும் விதத்திலேயே அறிந்துகொள்வாள் என்றும் விவரித்தாள். வகுப்பு முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. வள்ளுவர் மக்கட்பேற்றில் மெய்யின்பத்தை முதலிலும் செவியின்பத்தை அதற்குப் பிறகும் வைத்த வரிசையைப் பற்றி அன்று நாங்கள் மணியடிக்கும்வரை பேசினோம்.

மீண்டும் கருவிக்கு வருவோம். 1876இல் பெல் பெற்ற தொலைபேசிக் காப்புரிமை காதுகேளாதோருக்கு ஒரு கதவைச் சாத்தியது. தொலைபேசி இல்லாத உலகில் எல்லோரும் கடிதம் எழுதினார்கள், எல்லோரும் நேரில் வந்தார்கள். தொலைபேசி வந்த உலகில் அவர்கள் மட்டும் வெளியே நின்றார்கள். காதுகேளாத இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட் தொலைபேசிக் கம்பியின் வழியே தட்டச்சு எழுத்துகளை அனுப்பும் கருவியை 1964இல் செய்துகாட்டும்வரை அந்தக் கதவு திறக்கவில்லை. ஏறத்தாழ 90 ஆண்டுகள். அதே தொலைபேசியின் வழித்தோன்றல்தான் இன்று சட்டைப்பைக்குள் இருந்து குழந்தையின் அழுகையைக் கண்டறிகிறது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆப்பிளும் கூகுளும், ஒன்றையடுத்து ஒன்றாக, தம் கைபேசிகளில் ஒலியறியும் வசதியைச் சேர்த்தன. புகை எச்சரிக்கை, கதவுத் தட்டல், குழந்தை அழுகை போன்ற ஒலிகளை இனங்கண்டு அதிர்வாக அறிவிக்கும் வசதி. தனிக்கருவி வாங்க வேண்டியதில்லை. அயல்நாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி செவித்திறன் குறைபாடுள்ளோர் 50 லட்சத்துக்கும் மேல் உள்ள நம் நாட்டில் இது சிறிய செய்தி அல்ல.

அழுகிறது என்று சொல்வதோடு நில்லாமல் ஏன் அழுகிறது என்றும் சொல்ல முடியுமா? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் ஏரியானா ஆண்டர்சனின் குழு 2018இல் வெளியிட்ட 'சேட்டர்பேபி' என்ற இலவசச் செயலி அதற்கு முயன்றது. தடுப்பூசி போடப்படும் குழந்தைகளின் அழுகை போன்ற, காரணம் ஐயமின்றித் தெரிந்த ஒலிகளைக் கணினிக்குப் பழக்கி, வலி, பசி, எரிச்சல் என்று பிரிக்கும் முறை. காதுகேளாத பெற்றோரை மனத்தில் வைத்தே இது உருவாக்கப்பட்டது. வலியை அது நன்றாகக் கண்டுகொள்கிறது; பசிக்கும் எரிச்சலுக்கும் நடுவே தடுமாறுகிறது. காதுகேட்கும் தாய்மாரும் அங்கேதான் தடுமாறுகிறார்கள் என்பதால் இதைப் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன். என் தயக்கம் வேறு. காதுகேளாத தாய் அழுகையின் காரணத்தை ஒலியிலிருந்து எடுப்பதில்லை. முகத்தின் சுளிப்பிலிருந்தும், முறுக்கிக்கொள்ளும் காலிலிருந்தும், உள்ளங்கையின் சூட்டிலிருந்தும் எடுக்கிறாள். அறையின் வாசல்வரை வந்து சேர்வதற்குத்தான் அவளுக்குக் கருவி தேவைப்பட்டது. அதற்கு மேலும் அவள் எதையோ இழந்திருக்கிறாள் என்று கருதிக்கொள்வது கேட்பவர்களின் பழக்கம்.

ஆப்பிள் நிறுவனம் தன் ஒலியறியும் வசதியோடு ஒரு குறிப்பையும் சேர்த்தே தருகிறது: ஆபத்தான, அவசரமான சூழல்களில் இதை நம்பியிருக்கக் கூடாது என்று. நேர்மையான குறிப்பு. கைபேசியின் மின்கலம் தீரும். கைபேசி தலையணையிலிருந்து நழுவித் தரையில் விழும். மின்விசிறியின் ஓசைக்கடியில் சிணுங்கல் தொலையும். ஆகவே செயலி வந்த பிறகும் பல வீடுகளில் மெத்தைக்கடியில் பழைய அதிர்வுவட்டு அப்படியே இருக்கிறது, தொட்டிலும் கட்டிலை ஒட்டியே கிடக்கிறது, தூங்குகிறவளின் ஒரு கை அதன் விளிம்பில் இருக்கிறது.